அரசு கொடுத்த பழைய லேப்டாப்... எஸ்எஸ்டி மாத்தினா ஓடுமா?

பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய், டீ போட்டு, ஆற்றிக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தால்... ஸ்கிரீனில் அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு லேப்டாப் இருக்கா? அப்போ இது உங்களுக்குத்தான்.

என் சித்தி வீட்டில் ஒன்று இருந்தது. சங்கரன்கோவில் பக்கம் குருவிகுளம். தங்கச்சி பிளஸ் டூ படித்தபோது, 2018-ல் பள்ளியில் கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். அவள் பி.காம் முடித்து, கல்யாணமாகி, இப்போது கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். கோவில்பட்டியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில், ''வீட்டுல இருந்தே பில் என்ட்ரி போட்டுக் குடும்மா, ஆனா சிஸ்டம் ஒழுங்கா ஓடணும்'' என்று சொல்லியிருக்கிறார்கள். அவளுடையதோ எக்ஸெல் திறக்கவே மூச்சு வாங்குகிற சிஸ்டம்.

''ஏய்யா, இதத் தூக்கிப் போட்டுட்டு தவணைல புதுசு எடுத்துருவமா?'' என்று சித்தி போனில் கேட்டார். புது லேப்டாப் என்றால் முப்பதாயிரத்துக்கு மேல். அதுவும் இன்னும் கைக்கு வராத சம்பளத்தை நம்பி. ''ஒரு வாரம் பொறுங்க சித்தி'' என்று சொல்லிவிட்டுத்தான் ஊருக்கு பஸ் ஏறினேன்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு 50 லட்சத்துக்கும் மேல் லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. கொரோனாவுக்குப் பிறகு திட்டம் நின்றுபோனது. அன்றைக்குக் கொடுத்ததில் இருந்தது ஹார்டு டிஸ்க். கல்லூரி மாணவர்களுக்கென்று இப்போது வந்திருக்கும் புதிய திட்டத்தின் லேப்டாப்களிலோ 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பீரோவுக்கு மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய லேப்டாப்புக்கும் புதுசுக்கும் நடுவே கையில் உணரக்கூடிய பெரிய வித்தியாசம் அந்த எஸ்எஸ்டிதான். அதை மட்டும் நாமே மாற்றிக்கொள்ள முடியும். ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் நிறைய பேர் காசை விடுகிறார்கள்.

முதல்ல நோய் எதுன்னு பாருங்க

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு ஐந்து நிமிட வேலை. லேப்டாப்பை ஆன் செய்து, அது திணறிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று கட்டங்களில் சதவிகிதம் ஓடும். டிஸ்க் 100 சதவிகிதத்தில் சிவந்து நிற்கிறது, சிபியு மட்டும் 20, 30-ல் சும்மா இருக்கிறது என்றால் உங்களுக்கு எஸ்எஸ்டி கண்டிப்பாக வேலை செய்யும். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேமும் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். சிபியுவே எந்நேரமும் 100-ல் நிற்கிறது என்றால் எஸ்எஸ்டிக்குச் செலவு செய்யாதீர்கள். ஆன் ஆவது வேகமாகும், அதற்குப் பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான்.

அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போனால், விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளில் டிஸ்க்குக்குக் கீழே அது ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்றும் எழுதியிருக்கும். ஏற்கெனவே எஸ்எஸ்டி இருக்கிற லேப்டாப்புக்கு இன்னொரு எஸ்எஸ்டி வாங்கப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்! இன்னொன்று, விலை மலிவான சில குட்டி லேப்டாப்களில் ஸ்டோரேஜ் சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். இஎம்எம்சி என்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

தங்கச்சி லேப்டாப்பில் டிஸ்க் 100, சிபியு 18. நோய் தெரிந்துவிட்டது.

ஏன் இப்படி? ஹார்டு டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது. ஒரு முள் அதன் மேல் முன்னும் பின்னும் ஓடி ஒவ்வொரு ஃபைலையும் தேடி எடுக்கிறது. ரேஷன் கடையில் ஒரே ஒரு ஆள், அரிசிக்கு ஒரு தடவை, பருப்புக்கு ஒரு தடவை, சீனிக்கு ஒரு தடவை என்று குடோனுக்குப் போய் வருகிறார் என்று வச்சுக்கோங்க. பெரிய மூட்டை ஒன்றைத் தூக்குவதென்றால் சமாளிப்பார். சின்னச் சின்னதாக ஆயிரம் பொட்டலம் கேட்டால்? விண்டோஸ் ஆன் ஆகும்போது கேட்பது அந்த ஆயிரம் பொட்டலத்தைத்தான். ஹார்டு டிஸ்க்கால் இப்படிச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களில் விநாடிக்கு நூறு எடுப்பதே கஷ்டம். எஸ்எஸ்டியில் சுற்றுகிற தட்டும் இல்லை, ஓடுகிற முள்ளும் இல்லை, எல்லாம் சிப். விலை குறைந்த எஸ்எஸ்டிகூட விநாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துவிடும்.

வேகத்துக்கு மேல வேகம் வேண்டாம்

டவுனில் ஒரு கடையில் விசாரித்தோம். ''இப்ப எல்லாரும் என்விஎம்இதான் சார் போடுறாங்க. 1 டிபியாப் போட்டுருங்க, ராக்கெட் மாதிரி பறக்கும்'' என்றார். லேப்டாப்பின் மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அந்த லேப்டாப்பில் என்விஎம்இ மாட்ட இடமே கிடையாது!

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம்மூர்க் கடைகளில் கிடைக்கும் எஸ்எஸ்டிகள் பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, 2.5 இஞ்ச் சாட்டா. சீட்டுக்கட்டு மாதிரி தட்டையான பெட்டி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிய அதே இடத்தில், அதே பின்னில் உட்காரும். 2012-லிருந்து 2018 வரை வந்த சாதாரண லேப்டாப்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான். மற்ற இரண்டும் பபுள்கம் பட்டை மாதிரி நீளமாக இருக்கும். பெயர் எம்.2. பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் அதில் ஒன்று சாட்டா வகை, இன்னொன்று என்விஎம்இ வகை. எம்.2 ஸ்லாட் இருப்பதாலேயே என்விஎம்இ எடுத்துக்கொள்ளும் என்று அர்த்தம் இல்லை. சில பழைய லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை மட்டும்தான் படிக்கும். என்விஎம்இயைச் செருகினால் அழகாக உட்காரும், ஆனால் விண்டோஸில் தெரியவே தெரியாது. வைஃபை கார்டு மாட்டியிருக்கும் குட்டி ஸ்லாட்டை எஸ்எஸ்டி ஸ்லாட் என்று நினைத்து வாங்கி வந்தவர்களும் உண்டு.

லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எடுத்து, அதோடு 'சர்வீஸ் மேனுவல்' என்று சேர்த்துத் தேடுங்கள். கம்பெனியே போட்ட படத்தில் எந்த ஸ்லாட் எங்கே இருக்கிறது என்று இருக்கும். இல்லையென்றால் அடிமூடியைத் திறந்து போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ''இந்த இடத்துல மாட்டுற மாதிரி வேணும்'' என்று காட்டினால் வாதமே வராது.

சரி, வேகம்? சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி வரை கொடுக்கும். என்விஎம்இ 2,000, 3,000-க்கு மேல் போகும். கேட்டால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த எண்கள் பெரிய வீடியோ ஃபைலை இங்கிருந்து அங்கே தள்ளும்போது வருபவை. பிரவுசர் திறக்க, எக்ஸெல் திறக்க, விண்டோஸ் ஆன் ஆக வேண்டியது சின்ன ஃபைல்களை எடுக்கும் வேகம். ஹார்டு டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது கிடைக்கும் நிம்மதி மலை என்றால், சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறும்போது கிடைப்பது மடு. பழைய பிராசஸர் உள்ள லேப்டாப்பில் அந்த மடுவும் கண்ணில் படாது. என்விஎம்இ ஸ்லாட் நிஜமாகவே இருந்து, விலையும் சாட்டா அளவுக்கே வந்தால் தாராளமாக வாங்குங்கள். அதற்காக அதிகம் கொடுக்க வேண்டாம்.

எத்தனை ஜிபி, எந்தக் கம்பெனி?

120 ஜிபியை விட்டுவிடுங்கள். விண்டோஸ், அப்டேட், நாலு சாஃப்ட்வேர் போட்டதுமே மூச்சு முட்டும். எஸ்எஸ்டிக்கு எப்போதும் 15, 20 சதவிகிதம் காலி இடம் இருந்தால்தான் வேகம் குறையாது. 240 அல்லது 256 ஜிபி, படிப்பு, ஆபீஸ் வேலைக்குப் போதும். வீடியோ எடிட்டிங், போட்டோ என்று போகிறவர்கள் 500 பக்கம் போகலாம். ஒரு ஜிபிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பெரும்பாலும் 500 தான் மலிவாக வரும். ஆனால் நமக்கு முக்கியம் பர்ஸிலிருந்து மொத்தமாக எவ்வளவு போகிறது என்பது, இல்லையா? (மாட்டிய பிறகு 240 ஜிபி என்பது 223 என்று காட்டும். ஏமாத்திட்டாங்கன்னு பதறாதீங்க. கம்பெனி எண்ணும் முறை வேறு, விண்டோஸ் எண்ணும் முறை வேறு.)

ரிவ்யூ வீடியோக்களில் டிராம் கேச் இல்லை, க்யூஎல்சி சிப், டிஎல்சி சிப் என்று பயமுறுத்துவார்கள். விலை குறைந்த எஸ்எஸ்டிகள் பெரும்பாலானவற்றில் டிராம் இருக்காது. இதனால் என்ன ஆகும்? ஒரே மூச்சில் பல பத்து ஜிபி காப்பி செய்தால் பாதியில் வேகம் விழும். மற்றபடி தினசரி வேலையில் தெரியாது. டிஎல்சி, க்யூஎல்சி இரண்டும் ஒரே விலையில் கிடைத்தால் டிஎல்சியை எடுங்கள், அவ்வளவுதான்.

ஆயுள் பற்றியும் கவலை வேண்டாம். குரூஷியல் பிஎக்ஸ்500, கிங்ஸ்டன் ஏ400 இரண்டிலும் 240 ஜிபி மாடலுக்குக் கம்பெனி சொல்லும் எழுத்து அளவு 80 டிபி. நாளுக்கு 20 ஜிபி எழுதினால்கூட பத்து வருஷத்துக்கு மேல் வரும். அந்த லேப்டாப்பின் கீபோர்டும் ஹின்ஜும் அதுவரை தாங்கினால் சந்தோஷம். இவற்றுக்கு 3 வருஷ வாரண்டி. சாம்சங் 870 இவோவுக்கு 5 வருஷம், ஆனால் விலை கூடுதல். பழைய லேப்டாப்புக்கு அது பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வயலில் இறங்குவது மாதிரி.

விலையை நான் இங்கே எழுதவில்லை. 2023-ல் மெமரி சிப் விலை அடிமட்டத்தில் இருந்தபோது வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால், எஸ்எஸ்டியும் ரேமும் ஏறிக்கொண்டே வந்தன. குரூஷியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்த மைக்ரான் கம்பெனி, அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. 2026 பிப்ரவரி வரைதான் சரக்கு அனுப்புவோம், வாரண்டி தொடரும் என்றார்கள். ஆகவே கடையில் அது இருந்தால் பழைய சரக்காக இருக்கலாம். தப்பில்லை, பில்லை மட்டும் பத்திரமாக வாங்குங்கள். அன்றைய விலையை இரண்டு ஆன்லைன் கடைகளிலும் பக்கத்து டவுன் கடையிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஐம்பது, நூறு வித்தியாசம்தான் என்றால் நான் டவுன் கடையைத்தான் சொல்வேன். வாரண்டிக்கு அலைய வேண்டி வந்தால் முகம் தெரிந்த ஆள் இருப்பது பெரிய விஷயம்.

'2 டிபி எஸ்எஸ்டி வெறும் 999' என்று விளம்பரம் வருகிறதா? விரலை எடுத்துவிடுங்கள் பாஸ்! உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். உண்மையான அளவு நிறைந்ததும் பழைய ஃபைல்கள் மேலேயே புதுசை எழுத ஆரம்பிக்கும். கல்யாண போட்டோவைத் திறந்தால் திறக்காது. புதிது என்று வாங்கிய எஸ்எஸ்டியையும் மாட்டியதுமே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் பாருங்கள். 'பவர் ஆன் ஹவர்ஸ்' பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது யாரோ ஓட்டிய சரக்கு.

மாத்துறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

அதே சாஃப்ட்வேரைத் தங்கச்சியின் பழைய ஹார்டு டிஸ்க்கிலும் ஓட்டினேன். பச்சையோ நீலமோ வர வேண்டிய இடத்தில் மஞ்சள். 'காஷன்' என்று எழுதியிருந்தது. டிஸ்க்கின் சில இடங்கள் படிக்க முடியாமல் போய்விட்டன என்று அர்த்தம். காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்று சின்னச் சத்தம். சத்தம் ரெண்டு மாசமாகவே இருக்குதாம். ''ஃபேன் சத்தம்னு நெனச்சேன்ணே'' என்றாள்.

அந்த டிஸ்க்கில்தான் சித்தப்பாவின் போட்டோக்கள் இருந்தன. அவர் தவறி நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய போனிலிருந்து ஏற்றி வைத்ததற்கு வேறு காப்பியே இல்லை.

எஸ்எஸ்டி மாற்றும்போது பழைய டிஸ்க்கை அப்படியே காப்பி எடுத்துப் புதிதில் ஏற்றுவதை குளோனிங் என்பார்கள். கடையில் பெரும்பாலும் அதைத்தான் செய்வார்கள், வசதியும்கூட. ஆனால் மஞ்சள் காட்டும் டிஸ்க்கை நேராக குளோனிங்குக்கு விடாதீர்கள். முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை மணிக்கணக்கில் ஓட வைப்பது, நெஞ்சு வலிக்காரரை மாட்டு வண்டிப் பந்தயத்தில் ஓடச் சொல்வதுபோல. பாதியில் நின்றுவிட்டால் எல்லாம் போச்சு. முதலில் ரொம்ப முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் பென்டிரைவுக்கு எடுங்கள். நாங்கள் முதலில் எடுத்தது சித்தப்பா போட்டோ, அடுத்து சர்ட்டிஃபிகேட் ஸ்கேன்கள், பிறகுதான் மற்றவை. 6 ஜிபி எடுக்க ஒரு மதியம் முழுக்க ஆனது. பதினொரு போட்டோ வரவே இல்லை.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் பேக்கப் இல்லாமல் கடைக்காரர் கையில் கொடுக்காதீர்கள். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். விண்டோஸ் லைசென்ஸுக்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது. அதே பதிப்பைப் புதிதாகப் போட்டாலும் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழற்ற வருமானால் கழற்றிவிட்டு, இரும்பு எதையாவது தொட்டுக் கையில் இருக்கும் ஸ்டாட்டிக்கைப் போக்கிக்கொள்ளுங்கள். பழைய டிஸ்க்கைச் சுற்றி இருக்கும் தகர ஃபிரேமையும் அதன் நான்கு ஸ்க்ரூக்களையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுசும் அதில்தான் உட்கார வேண்டும். பேட்டரி உள்ளேயே இருக்கும் மாடல், மூடி கிளிப் உடையும் போலிருக்கிறது என்றால் கடைக்காரருக்கு ஒரு கூலி கொடுத்துவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

விண்டோஸா, வேறயா?

இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. வீட்டு உபயோகக்காரர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்று அறிவித்தார்கள். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0-ம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். 2018-க்கு முந்தைய லேப்டாப்கள் பெரும்பாலும் தேறாது. எஸ்எஸ்டி போட்டாலும் இந்தக் கதவு திறக்காது.

பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, கூகுள் ஷீட், படம் பார்ப்பது... இவ்வளவுதான் உங்கள் தேவை என்றால் லினக்ஸ் மின்ட்டைப் பாருங்கள். இலவசம். 22-வது பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. தமிழ் டைப்பிங்கும் வரும். பள்ளியில் கொடுத்த லேப்டாப்களில் பாஸ் லினக்ஸ் என்ற ஒன்றும் சேர்ந்தே வந்தது ஞாபகம் இருக்கா? நாம் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! வேலைக்கு டேலி மாதிரி விண்டோஸ் சாஃப்ட்வேர்தான் வேண்டுமென்றால், அந்த அப்டேட் எதுவரை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள்.

என் கணக்கு இதுதான்: எஸ்எஸ்டி, தேவைப்பட்டால் ரேம், மாட்டும் கூலி மூன்றும் சேர்ந்து, ஓரளவு புதிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். பேட்டரியும் செத்து, ஸ்கிரீனிலும் கோடு விழுந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். பழையதுக்கு விடை கொடுத்துவிடலாம்.

தங்கச்சிக்கு 256 ஜிபி சாட்டாவும், பழைய 4 ஜிபி ரேம் ஒன்றும் போட்டோம். ஆடிட்டர் ஆபீஸ் சாஃப்ட்வேருக்காக விண்டோஸ் 10-தான், அப்டேட்டுக்கும் பதிவு செய்தாயிற்று. அக்டோபர் வரை சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அதற்குள் வேறு லேப்டாப் பார்ப்பதாகப் பேச்சு. பவர் பட்டனை அழுத்தி 25 விநாடிக்குள் டெஸ்க்டாப் வந்தபோது, சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, ''அதுக்குள்ள வந்துருச்சா? டீக்கு இப்பத்தானே பால் வச்சேன்'' என்றார்.

போட்டோக்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. எஸ்எஸ்டியில், பென்டிரைவில், என் கூகுள் டிரைவில். எஸ்எஸ்டி போகும்போது ஹார்டு டிஸ்க் மாதிரி டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாது, பொசுக்கென்று போய்விடும் என்பதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். பழைய ஹார்டு டிஸ்க்கைச் சித்தி தூக்கிப் போட விடவில்லை. வராமல் போன அந்தப் பதினொரு போட்டோவும் அதில்தானே இருக்கிறது என்று, துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்திருக்கிறார்.